முன்னால் போனவர்களின் கை

எங்கள் ஊரில் செத்தவர்கள் எழுந்து நடக்க ஆரம்பித்த வருஷம் புளி அமோகமாகக் காய்த்தது. அதனால் அந்த வருஷத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் புளியைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள். நானும் சொல்லிவிட்டேன், இனி மற்றதைக் கேளுங்கள்.

முதலில் நடந்தவர் கண்டக்டர் ஆவுடையப்பன். நெஞ்சுவலியில் போனார். சொந்தபந்தமெல்லாம் வந்து சேர்ந்து, குளிப்பாட்டி, கோடி வேட்டி உடுத்தி, திருநீறு பூசி, வாய்க்கரிசி போடுவதற்குப் பெண்கள் அரிசித் தட்டோடு உள்ளே வருகிற நேரத்தில் மனுஷன் எழுந்து உட்கார்ந்தார், எழுந்து நின்றார், எதிரே நின்றவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிதறி ஓட, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் வாசற்படி இறங்கி நடுத்தெரு வழியாக ஆற்றங்கரைச் சுடுகாட்டைப் பார்க்க நடந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் பின்னாலேயே ஓடி, முதுகில் குழாயை வைத்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூட நடந்து பார்த்துவிட்டு, மூச்சு இல்லை, துடிப்பு இல்லை, நடை மட்டும் இருக்கிறது என்று சொல்லி, சொன்னபடியே சர்டிபிகேட்டும் எழுதிக் கொடுத்தார். சுடுகாட்டு மதிலுக்குள் அவர் போய் மறைந்ததும் ஆண்கள் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், அடுக்கி வைத்த விறகின்மேல் கண்ணை மூடி, வலது கையை இறுக்கி மூடிக்கொண்டு, எந்தப் பிணமும் கிடக்கிற மாதிரியே கிடந்தார். தீ வைத்தார்கள், எரிந்தார், மறுநாள் பால் தெளித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள், எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் படுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போகவில்லை. உயிரோடிருந்தபோது எந்த நடையோ அதே நடை. மூட்டுவலிக்காரர்கள் நின்று நின்று போனார்கள், பின்னால் போகிறவர்களுக்கு இடுப்பு விட்டுப் போகும். பால்காரி மூக்கம்மாள் போனபோது ஊரே அவள் பின்னால் ஓட வேண்டியதாயிற்று, முன்னால் அடித்துக்கொண்டு போக வேண்டிய மேளக்காரர்கள் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். பாடை கட்டுகிறவர்கள் எங்கள் பிழைப்பு என்னாவது என்று சண்டைக்கு வந்தார்கள். சரி, பாடையும் கட்டுங்கள், சும்மா தூக்கிக்கொண்டு பின்னால் வாருங்கள் என்று பேசி முடித்தோம். எங்கள் ஊர் எதையும் பழகிக்கொள்ளும், அது மட்டும் சும்மா சொல்லக் கூடாது.

பழகாத ஒன்று பேச்சுதான். பிரேதம் வருகிறது என்பதா, பிரேதம் வருகிறார் என்பதா? படுத்துக் கிடக்கிறவரை எடுத்தாச்சா, கொண்டுபோயாச்சா என்று கேட்டுப் பழகிய வாய்க்கு, கண்ணெதிரே நடந்து போகிறவரை அப்படிக் கேட்கக் கூசியது. ஆவுடையப்பன் மகனிடம் யாரோ வாய்தவறி "அது எங்க வருது?" என்று கேட்டு, அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். அடிதடி வந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் யோசித்து, வடமொழிச் சொல்தானே, அதைப் படித்தவரைக் கேட்போம் என்று வைத்தமாநிதி சாரிடம் போனார்கள்.

வைத்தமாநிதி சார் எங்கள் பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார். அவர் வகுப்பில் பெஞ்சுகள்தான் அதிகம், பிள்ளைகள் குறைவு. இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருத்தர்கூட அவரிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதில்லை. அன்றைக்கு வாசகசாலை நிறைய ஆட்கள் உட்கார்ந்து பிரேதம் என்றால் என்ன என்று கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி எழுதிக் காட்டினார்.

"ப்ர-ன்னா முன்னாடி. இ-ன்னு ஒரு வேர்ச்சொல், ஒரே எழுத்துதான், போறதுன்னு அர்த்தம். இத-ன்னா போன. ரெண்டும் சேர்ந்தா ப்ரேத. முன்னாடி போனவர். செத்தவர்னுகூட அதிலே நேரடியா இல்லை, பாருங்கோ."

ஊரே அப்படியே அசந்துவிட்டது. அவர் இன்னும் உற்சாகமாகி, அந்த மொழியில் போனவர் ஆணென்றால் சொல்லும் ஆணாகும், பெண்ணென்றால் பெண்ணாகும், ஒருமை, இருமை, பன்மை என்று ஆள் கணக்குக்குத் தக்கபடி மாறும், நாம்தான் ஒரு மகர ஒற்றைப் போட்டு எல்லோரையும் அஃறிணையாக்கி வைத்திருக்கிறோம் என்று விளக்கினார். ஆக, 'வருகிறார்' என்பதுதான் சரி என்று தீர்ந்தது. அதைவிடப் பெரிய நிம்மதி, இவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்ற கேள்வியும் அத்தோடு தீர்ந்தது. சொல்லிலேயே இருக்கிறது, முன்னால் போகிறவர் முன்னால் போகிறார், இதில் என்ன அதிசயம் என்று எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். வைத்தமாநிதி சார் கையில் சாக்பீஸோடு, இருங்கோ, இந்தச் சொல்லுக்கு இன்னொரு சங்கதி இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லை.

அந்த அர்த்தத்திலிருந்து ஊர் ஒரு சட்டம் செய்துகொண்டது. முன்னால் போகிறவர் என்றால் அவருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது, போனால் போகிறவரும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். அதனால் எதிரே வருகிற பஸ் ஓரங்கட்டி நின்று டிரைவர் தலையைக் குனிந்துகொள்வார். இழவு போகிற வழியில் கதவைச் சாத்துவது எங்களுக்குப் பழைய வழக்கம்தான், இப்போது ஜன்னலையும் சேர்த்துச் சாத்தினோம். சுடுகாட்டுக் காவலாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். வாய்க்கரிசியை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. குளிப்பாட்டின மறுநிமிஷம் வாசலைப் பார்க்கத் திரும்பி எழுகிறவர் வாயில் முன்னால் போய் நின்றால்தானே அரிசி போட முடியும்? பாடைதான் சும்மா வருகிறதே, அதில் போட்டுவிடுவோம் என்றார்கள். அதிலேயே போட்டோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நடந்து போனவர்கள் எல்லோருக்கும் வலது முழங்கை மடங்கியிருக்கும், கை முன்பக்கம் இருக்கும், பின்னால் வருகிறவர்களுக்கு முழங்கை மட்டும்தான் தெரியும். ஆவுடையப்பன் டிக்கெட் பையைப் பிடித்திருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னாள். மூக்கம்மாள் பால் தூக்கைப் பிடித்திருக்கிறாள் என்றார்கள். அவரவர் தொழிலை அவரவர் கொண்டு போகிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெருமை.

என் வீட்டுக்காரர் போனதும் அந்த வருஷம்தான். அவர் வயர்மேன், கரண்டு கம்பத்திலிருந்து விழுந்து போனார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோயிலுக்கானாலும் சினிமாவுக்கானாலும் அவர் முன்னால் போவார், நான் பின்னால் ஓடுவேன், ஒரு தடவை திரும்பிப் பார்த்ததில்லை. செத்த பிறகும் அதே கூத்துதான். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போவது ஆண்கள் மட்டும். முக்கில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, இன்னைக்காவது திரும்பிப் பாக்காரா பாரு, டெஸ்டரைப் பிடிச்சிக்கிட்டு நிமிந்து போறதப் பாரு என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனாலும் சிரிப்பும் வந்தது. அவர் வலது உள்ளங்கையில் கம்பி சுட்ட தழும்பு ஒன்று கட்டைவிரலுக்குக் கீழே வளைந்து கிடக்கும். அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

இப்போது உலகம்மாள் கதைக்கு வருகிறேன். உலகம்மாள் எங்கள் தெருவில் மாவு மெஷின் வைத்திருப்பவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். ஒரே மகள் செண்பகவல்லி. வல்லி என்று கூப்பிடுவோம். டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவசர அவசரமாகக் கிளம்புவாள், தினமும் சோற்று டப்பாவை மறந்துவிட்டுப் போவாள். வெளியே கிளம்பினவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்றும் கேட்கக் கூடாது, கேட்டால் போகிற காரியம் விளங்காது. இது எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் உலகம்மாள் மகளைக் கூப்பிட மாட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு, தெருவுக்குப் பக்கத்தில் ஓடுகிற செக்கடி முடுக்கு வழியாக, முடுக்கென்றால் ஓராள் போகிற சந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய், என் வீட்டு வாசலில் வெளியே வந்து மகளுக்கு முன்னால் நிற்பாள். வல்லி மூஞ்சியைச் சுளித்துக்கொண்டே வலது கையை நீட்டி டப்பாவை வாங்குவாள், போயிட்டு வாரேம்மா என்பாள். இதைக் கோலம் போடுகிறபோது தினமும் பார்க்கிறவள் நான்.

வல்லிக்கு டெங்கு வந்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்த ஒரு காலையில், ரசஞ்சாதம் வேணும்மா என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை வாய்திறந்து கேட்டுவிட்டாளே என்று உலகம்மாள் ஊருக்கு ஓடிவந்து, மிளகு தட்டி ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து தூக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பாலத்துக்குப் பக்கத்தில் எதிரே ஒரு ஆம்புலன்ஸ் போனது. யார் பெற்ற பிள்ளையோ என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் விஷயம் தெரிந்து ஆட்டோவில் திரும்பி வருவதற்குள் இங்கே நாங்கள் குளிப்பாட்டி முடித்திருந்தோம். அம்மாக்காரி வரட்டும் என்றுதான் நினைத்தோம், ஆனால் எழுகிறவர்கள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அவசரக்காரி வல்லி எழுந்தாள், வாசலைத் தாண்டினாள், நடந்தாள். உலகம்மாள் ஆட்டோவை விட்டு இறங்கியபோது பெண்கள் எல்லோரும் முக்கில் நின்றுகொண்டிருந்தோம். ஆண்களின் தலைகளுக்கு அப்பால் மகளின் பின்னல் மட்டும் தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து அவளைப் பிடித்தோம். பிடித்து என்ன செய்ய, வாயை யார் பிடிப்பது?

"ஏட்டி வல்லி, நில்லு" என்று கூப்பிட்டுவிட்டாள்.

வல்லி நின்றுவிட்டாள்.

திரும்பவில்லை. முழங்கை மடங்கினபடி, ஒரு கால் முன்வைத்தபடி, நடுத்தெருவில் அப்படியே நின்றாள். மேளம் நின்றது. பாடை நின்றது. கொஞ்ச நேரத்தில் போய்விடுவாள் என்று காத்திருந்தார்கள், வெயில் சாய்ந்தது, போகவில்லை. கிளம்பின பிள்ளையைப் பின்னால் இருந்து கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். தூக்கில் இருந்த ரசஞ்சாதம் புளித்துப்போக, பக்கத்து வீட்டுக்காரி அதை மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. வல்லிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்பதால் பஸ்ஸைப் பைபாஸ் வழியாக விட்டார்கள். அவளுக்கு முன்னால் உள்ள வீடுகள் எல்லாம் வாசலைச் சாத்திவிட்டுப் புறவாசலால் புழங்கினோம், நானும் முடுக்குப் பக்கத்துக் கதவால்தான் போய்வந்தேன். மழைத்தூறல் விழுந்தபோது யாரோ பின்னாலிருந்து குடையை நீட்டிக் கட்டி வைத்தார்கள். பூக்காரி தினமும் பின்னலில் ஒரு முழம் வைத்தாள். உலகம்மாள் காலையில் வந்த அரிசியை அரைத்துக் கொடுத்துவிட்டு, மாவுக் கையோடு மகளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த முதுகோடு பேசிக்கொண்டே இருப்பாள், மெஷினில் பெல்ட் அறுந்தது, பூனை குட்டி போட்டது என்று.

அப்புறம் மரக்கடை ராமையா இறந்தார். எழுந்து நடந்து வந்தவர் வல்லிக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார். அதே பூக்காரி பிச்சம்மாளும் காய்ச்சலில் போனாள், அவளும் வந்து ராமையாவுக்குப் பின்னால் நின்றாள். தெருவில் வரிசை நீள ஆரம்பித்ததும்தான் ஊருக்குக் கலக்கம் வந்தது. வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். உலகம்மாளைக் கூப்பிட்டு வைத்து, நீ கூப்பிட்டதால் நிற்கிறாள், நீயே அனுப்பி வை என்றார்கள். போயிட்டு வா என்று சொல்லாதே, அதில் 'வா' இருக்கிறது, வெறுமனே 'போ' என்று சொல் என்று ராமையாவின் மகன் காலில் விழாத குறையாகக் கேட்டான். வைத்தமாநிதி சார் மூலையில் உட்கார்ந்து எதையோ சொல்ல வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

உலகம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ரொம்ப மெதுவாகத்தான் பேசினாள்.

"சொல்லுதேன். ஆனா எம்பிள்ளை மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுவேன். முதுகப் பாத்து எந்தத் தாயும் போன்னு சொல்ல மாட்டா."

முன்னால் போனால் நீயும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவாய் என்று பயமுறுத்தினார்கள். சேந்தா சேந்துட்டுப் போறேன் என்று எழுந்துவிட்டாள்.

நான் புறவாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முடுக்குக்குள் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. அந்த ஓட்டம் எனக்குத் தெரியும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு சுவரிலும் தோள் உரச உலகம்மாள் ஓடிவந்தாள், என்னைக்கூடப் பார்க்காமல் முடுக்கைத் தாண்டித் தெருவில் இறங்கினாள், மகளுக்கு முன்னால் போய் நின்றாள். எனக்குப் பயம்தான். ஆனாலும் கால் நிற்கவில்லை, முடுக்கு முனை வரைக்கும் போய்ப் பார்த்தேன். அந்த வருஷம் முழுவதும் எங்கள் ஊரில் யாரும் பார்க்காத பக்கத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

வல்லியின் கண் திறந்திருந்தது. மூஞ்சி சுளித்திருந்தது, காலையில் அவசரத்தில் சுளிப்பாளே அதே சுளிப்பு. வலது கை முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்திருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அவள் 'போ' என்ற ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்திருந்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் தாங்க முடியவில்லை, பெத்த வயிறு எரிகிறது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

"பிரமு மதினி, சோறு இருக்கா?" என்று திரும்பாமலே என்னிடம் கேட்டாள். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

நான் ஓடிப்போய்ப் பானையோடு தூக்கிக்கொண்டு வந்தேன், கை சுட்டது அப்புறம்தான் தெரிந்தது. உலகம்மாள் ஒரு கை அள்ளி, ஊதி ஆற்றி, உருட்டி, மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரசம் இல்ல மக்கா. வெறுஞ்சோறுதான். சாப்பிட்டுட்டுப் போ."

வல்லி சாப்பிட்டாள். கையை வாய்க்குக் கொண்டுபோய், நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். சுளிப்பு போய்விட்டது. தாயின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். பிறகு நடந்தாள். உலகம்மாள் ஒதுங்கி வழிவிடவில்லை, மகளோடு சேர்ந்து, பக்கத்திலேயே, சுடுகாட்டு மதில் வரைக்கும் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. ராமையா என்னைக் கடந்து போகும்போது கை நீட்டியிருந்தார், அவருக்கும் ஒரு உருண்டை வைத்தேன். பிச்சம்மாளுக்கும் வைத்தேன், அவள் கையில் நார் அறுத்த கோடு கோடாக இருந்தது.

ஊர் மொத்தமும் முடுக்கு முனையில் வந்து நின்று அதைப் பார்த்தது. வைத்தமாநிதி சார் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அதைத்தான் அன்னைக்கே சொல்ல வந்தேன், முன்னாடி போனவாளுக்குப் பசிக்கும், பித்ருக்களோடே போய்ச் சேர்ற வரைக்கும் அடங்காத பசி, அதுவும் அந்தச் சொல்லுக்குள்ளே இருக்கிற சங்கதிதான், நீங்க பாதியிலே எழுந்து போயிட்டேள் என்றார். யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபிக்கத் தெம்பில்லை. ஆவுடையப்பன் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் பை இல்லை, பால் தூக்கு இல்லை. வாய்க்கரிசியை வெறும் பாடையில் போட்டுவிட்டு, அந்த வருஷம் பூராவும் எங்கள் ஆட்களைக் கை நீட்டி நீட்டிப் பட்டினியோடு அனுப்பியிருக்கிறோம். அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

இப்போது எங்கள் ஊரில் பெண்கள் முக்கில் நிற்பதில்லை. இழவு விழுந்தால் சோற்றுப் பானையோடு முடுக்கு வழியாகப் போய் முன்னால் நின்றுகொள்கிறோம், ரசம் கேட்டவர்களுக்கு ரசம், மீன்குழம்புக்காரர்களுக்கு மீன்குழம்பு. உலகம்மாள் மெஷினை நடத்திக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள், காலையில் ஜவுளிக்கடைப் பஸ் போகிற நேரத்தில் மட்டும் பேச மாட்டாள்.

எந்த வீட்டு இழவானாலும் பானையோடு முதலில் போய் நிற்கிறவள் நான்தான். புண்ணியத்துக்காக என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் எரிந்து சாம்பலாகி ஆற்றோடு போனது எனக்குத் தெரியாதா என்ன, நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சோற்றை வைப்பதற்கு முன்னால் அந்த நீட்டிய கையைக் குனிந்து பார்க்கிறேன், கட்டைவிரலுக்குக் கீழே கம்பி சுட்ட தழும்பு இருக்கிறதா என்று.